ஏழு டிகிரிச் சூரியனும் வெள்ளைச் சுவரும்

ஸ்காண்டிநேவிய (டென்மார்க், நார்வே, சுவீடன்) பாணி என்று படங்களில் வரும் வீடுகள் ஏன் எப்போதும் வெள்ளைச் சுவரும் வெளிர் மரமுமாகவே இருக்கின்றன? அதற்குப் பண்பாட்டு வேர் ஏதும் உண்டா, இல்லை சுவீடனின் மரச்சாமான் நிறுவனமான ஐகியா கிளப்பிவிட்ட மோஸ்தரா? அதைப் பார்த்துச் செய்தவர்களின் அறை ஏன் ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடுகிறது? இவைதான் கேள்விகள். மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் வழி கிடைத்துவிடும்.

சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் 59.3 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று அங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 7 டிகிரிதான் ஏறும். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்த அளவுகூட ஏறாமல் சாய்ந்துவிடுகிறது. அதே நாளில் சென்னையில் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். ஸ்டாக்ஹோமில் பகல் மொத்தமே ஆறு மணி நேரம். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே அஸ்தமனம். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இதைவிடச் சற்று மேல், உச்சியில் 11 டிகிரி. நார்வேயின் வடக்கே டிரம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை.

இவ்வளவு தாழ்ந்து வரும் வெயில் நம் ஊர் வெயில்போல ஜன்னலோரத் தரையில் விழுந்து நின்றுவிடாது. படுக்கைவாட்டில் அறைக்குள் நுழைந்து எதிர்ச்சுவர் வரை போகும். அந்தச் சுவர் அடர்நிறமாக இருந்தால் நாளின் ஒரே வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். வெளிர்நிறமாக இருந்தால் திருப்பி அனுப்பும். அதனால் அங்கே வெள்ளைச் சுவர் ஓர் உபகரணம். ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்த் தடிப்பையும் வெள்ளையாகவே பூசுவார்கள். கண்ணாடியின் பளீர் வெளிச்சமும் பக்கத்துச் சுவரின் நிழலும் நேருக்கு நேர் மோதினால் கண் கூசும். அந்த உள்விளிம்பு வெளிறியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு படி கிடைக்கிறது. திரைச்சீலை வேண்டுமென்றால் மெல்லிய லினன், இல்லையென்றால் வெறும் ஜன்னல்.

எந்த வெள்ளை என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. கடையில் இருப்பதிலேயே பளிச்சென்ற வெள்ளையை வாங்கிவிடுகிறார்கள். வடக்கு வானத்தின் ஒளி இயல்பாகவே நீலம் கலந்தது. அது தூய வெள்ளையின்மேல் விழுந்தால் சுவர் சாம்பலும் நீலமுமாகத் தெரியும். சுவீடனில் நிறங்களைக் குறிக்க என்.சி.எஸ். என்ற முறை இருக்கிறது. அதில் எஸ் 0502-ஒய் என்ற நிறத்தை ஸ்டாக்ஹோம் வெள்ளை என்றே அழைக்கிறார்கள். 05 என்பது 5 சதவீதம் கருமை, 02 என்பது 2 சதவீதம் நிறச்செறிவு, ஒய் என்பது அந்த நிறம் மஞ்சள் என்பதைக் குறிக்கும். கண்ணுக்கு வெள்ளைதான், ஆனால் அந்த ஒரு துளி மஞ்சள்தான் நீல வானத்தை ஈடுசெய்கிறது. பளபளப்பும் முக்கியம். சுவருக்கு மங்கலான பெயின்ட், கதவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அரைப் பளபளப்பு. கூரை சுவரைவிடவும் மங்கல். தாழ்ந்த வெயில் சுவரை உரசிக்கொண்டு வருவதால், பளபளக்கும் பெயின்ட் அடித்தால் பட்டி பார்த்த இடத்தின் மேடுபள்ளம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனால் சுவர் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி இருட்டிய பிறகு தொடங்குகிறது. ஆஸ்பத்திரி வார்டுத் தோற்றம் வருவதும் அங்கேதான்: நாலு சுவரும் வெள்ளை, கூரை நடுவில் 6500 கெல்வின் எல்.இ.டி. பேனல் ஒன்று (கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). எல்லா மூலைக்கும் ஒரே அளவு வெளிச்சம், எங்கும் நிழல் இல்லை, எல்லா முகத்திலும் வெளிறல். கோபன்ஹேகன் வீட்டுக் கூடத்தில் கூரை விளக்கு இருந்தாலும் அது மேசைக்கு நேர் மேலே தாழத் தொங்கும். கூடம் முழுவதையும் வெளிச்சமாக்க அதை யாரும் நம்புவதில்லை.

இதை ஒழுங்காக யோசித்தவர் பவுல் ஹென்னிங்சன், 1894-இல் பிறந்த டேனிஷ்காரர். சிறுவயதில் அவர் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. மின்விளக்கு வந்தபோது வீடு வெளிச்சமானது, ஆனால் கண் கூசியது, மனிதர் முகம் தட்டையானது. மின்சாரத்தை வைத்துக்கொண்டே மண்ணெண்ணெய் விளக்கின் இதத்தை மீட்க வேண்டும் என்பது அவருக்குப் பல்லாண்டு வேலையானது. 1925-26 காலத்தில் அவர் வடிவமைத்த மூன்றடுக்கு விளக்கில், தட்டுகளின் வளைவு மடக்கைச் சுருள் என்ற கணித வளைவிலிருந்து எடுத்தது. அந்த வளைவில் ஒளி எந்த இடத்தில் பட்டாலும் ஒரே கோணத்தில் படும். ஆகவே தட்டின் பரப்பு முழுவதும் சீராக ஒளிர்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது. பெரும்பங்கு ஒளி கீழே மேசைக்கு, கொஞ்சம் பக்கவாட்டில் முகங்களுக்கு.

அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி 1958-இல் வந்த பி.எச். 5 அதன் வழித்தோன்றல். பெயரிலுள்ள 5, 50 சென்டிமீட்டர் விட்டத்தைக் குறிக்கும். பல்பு செய்பவர்கள் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால், எந்தப் பல்பைப் போட்டாலும் கண் கூசாதபடி அதை அமைத்தார். உள்ளே ஒரு சிறு பகுதியில் சிவப்பும் நீலமும் பூசியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. நம் கண் மஞ்சள்-பச்சையை நன்றாகவும், சிவப்பு, நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால் அந்த இரண்டுக்கும் சற்று வலுச் சேர்க்க.

இந்த வகை விளக்கை மேசைப் பரப்பிலிருந்து அதன் கீழ்விளிம்புக்கு 60 சென்டிமீட்டர் இருக்கும்படி தொங்கவிட வேண்டும். மாட்டும்போது அது மிகத் தாழ்வாகத் தெரியும். நின்றுகொண்டு பார்ப்பதால் அப்படித் தெரிகிறது. உட்கார்ந்து பாருங்கள். 90 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டுகளின் அடிப்பக்கம் தெரிந்து கண் கூசும், மேசைமேல் கூடும் ஒளிவட்டமும் கலைந்துவிடும். 45-க்கு இறக்கினால் எதிரே இருப்பவர் முகம் மறையும்.

மற்ற விளக்குகளுக்கும் இதே கணக்குதான். ஒரு கூடத்துக்கு ஐந்து, ஆறு சிறு விளக்குகள்: மேசைமேல் ஒன்று, வாசிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று, அலமாரிமேல் ஒன்று, ஜன்னல் திண்டில் ஒன்று. வாசிப்பு விளக்கின் மறைப்பின் கீழ்விளிம்பு, உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டருக்கு வர வேண்டும்; அதற்கு மேலே போனால் பல்பு தெரியும். பல்பு 2700 கெல்வின், நிறத்துல்லியம் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல். அதைவிடக் குறைந்தால் வெளிர் மரத்தின் நிறம் செத்துவிடும். விளக்குகளுக்கு நடுவே இருட்டு இருக்கட்டும். அந்த இருட்டு இருந்தால்தான் வெளிச்ச வட்டத்துக்குள் மனிதர்கள் நெருங்கி உட்காருகிறார்கள். டேனிஷ் மொழியில் ஹூகே என்று சொல்வது பெரும்பாலும் இந்த நெருக்கத்தைத்தான். சொல் நார்வேயிலிருந்து வந்தது. வாசனை மெழுகுவர்த்தியையும் கம்பளிக் காலுறையையும் அதன் பெயரில் விற்பது பிற்காலத்து வியாபாரம். ஜன்னல் விளக்கு வேறு வகை: சுவீடனில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்களில் ஒவ்வொரு ஜன்னலிலும் நட்சத்திரமோ ஏழு மின்மெழுகுவர்த்தி வைத்த தண்டோ எரியும். அது வீட்டுக்குள் இருப்பவருக்காக மட்டுமல்ல, தெருவில் நடப்பவருக்காகவும்தான்.

இனி வேர்களுக்கு வருவோம். ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைய வேண்டும்: பழைய ஸ்காண்டிநேவிய வீடு வெள்ளையாக இருக்கவில்லை. நார்வேயின் பழைய மரவீட்டில் அறை நடுவே திறந்த அடுப்பு, கூரையில் புகை போக ஒரு துளை. சுவரெல்லாம் கரி படிந்து கறுத்திருக்கும். புகைபோக்கி வைத்த அடுப்பு பரவி, சுவர் கறுப்பது நின்ற பிறகுதான் அதில் படம் எழுத வழி பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் டெலிமார்க், ஹாலிங்டால் பள்ளத்தாக்குகளில் வளர்ந்த ரோஸ்மாலிங் ஓவியம் அதன் விளைவு. கதவு, அலமாரி, கூரைவிட்டம் என்று எல்லா இடத்திலும் சிவப்பும் நீலமுமாகக் கொடிச்சுருள்கள். தென் சுவீடனில் பண்டிகைக்குச் சுவர் மறைய ஓவியத்துணி கட்டினார்கள். டாலர்னா பகுதியில் பூசணிக்கொடி போலப் படரும் குர்பிட்ஸ் வேலைப்பாடு. நாட்டுப்புறம் நிறத்துக்கு ஏங்கியது. கிடைத்தபோது அள்ளிப் பூசிக்கொண்டது.

வெளிர்நிறம் அரண்மனை வழியாக வந்தது. சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்டாவ் 1771-இல் பட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன் பாரிஸில் இருந்தார். அந்த ரசனையைச் சுவீடனுக்குக் கொண்டுவந்தார். ஆனால் பிரெஞ்சு அரண்மனை வெர்சாயின் தங்கப்பூச்சுக்கும் அயல்நாட்டு மரத்துக்கும் இங்கே வசதி போதவில்லை. உள்ளூர் பைனிலும் பிர்ச்சிலும் அதே வடிவத்தைச் செதுக்கி, முத்துச்சாம்பல் நிறம் பூசி, இருக்கைக்குக் கட்டம்போட்ட லினன் உறை மாட்டினார்கள். மெழுகுவர்த்திக்குப் பின்னால் கண்ணாடி பதித்த சுவர் விளக்குகள் ஒரு சுடரை இரண்டாக்கின. வறுமை, இருட்டு, பிரெஞ்சு ரசனை மூன்றும் கலந்த இந்தக் கலவைதான் இன்றைய வெளிர்நிற அறையின் முதல் மாதிரி என்பது என் கணிப்பு.

அந்தக் காலத்து இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1767-இல் கார்ல் யோகான் குரோன்ஸ்டெட், ஃபாபியன் வ்ரேட என்ற இருவர் அறையைச் சூடாக்கும், ஓடு பதித்த அடுப்பைத் திருத்தி அமைத்தார்கள். விறகுத் தட்டுப்பாடு அரசையே கவலைப்பட வைத்த காலம் அது. பழைய அடுப்பில் சூடான புகை நேரே மேலே போய் வீணாகும். புதியதில் அது செங்கல் குழாய்களில் மேலும் கீழுமாக ஏறி இறங்கிய பிறகே வெளியேறும். போகிற வழியெல்லாம் வெப்பத்தைச் செங்கல் வாங்கிக்கொள்ளும். ஒரு முறை மூட்டினால் நெடுநேரம் கதகதப்பு. ஒரே அடுப்பைச் சுற்றிக் குடும்பமே ஒண்டிக்கிடந்த நிலை தளர்ந்தது, மேசை ஜன்னலருகே நகர முடிந்தது. வெளிச்சமும் வெப்பமும் ஒரே அறையில் சேர்ந்தது அப்போதுதான்.

நூறாண்டு தாண்டி, ஃபாலுன் அருகே சுன்ட்போர்ன் கிராமத்தில் ஓவியர் கார்ல் லார்ஸனும் மனைவி கரின் லார்ஸனும் தங்கள் வீட்டை மாற்றினார்கள். கரினின் தந்தை 1888-இல் கொடுத்த வீடு. கரினும் ஓவியம் பயின்றவர். வீட்டின் நெசவும் பல மரச்சாமான்களின் வடிவமும் அவர் கையால் வந்தவை. கனத்த திரைகளை எடுத்தார்கள், பழைய நாற்காலிகளுக்கு வண்ணம் பூசினார்கள், ஜன்னலில் ஜெரேனியம் வைத்தார்கள். சாப்பாட்டு அறை சிவப்பும் பச்சையும். கார்லின் நீர்வண்ணப் படங்கள் 1899-இல் நூலாக வந்தபோது அந்த வீட்டை ஊரெல்லாம் பார்த்தது. அதே ஆண்டு சுவீடிஷ் எழுத்தாளர் எலன் கே, அழகு எல்லோருக்கும் உரியது என்று எழுதினார். நல்ல நாற்காலி பணக்காரனின் சொத்தல்ல, தொழிலாளியின் உரிமை என்பது அவர் வாதம். கரினின் நெசவும் கேயின் வாதமும் சேர்ந்த இடம்தான் இந்தப் பண்பாட்டின் நடுமுடிச்சு.

அதிலிருந்து இது அழகியலைக் கடந்து அரசியலாகிறது. 1917-இல் ஸ்டாக்ஹோம் லிலியெவால்க்ஸ் கலைக்கூடத்தில் சிறு வீடுகளுக்கான கண்காட்சி நடந்தது. ஓரறைக் குடியிருப்புகளைத் தட்டுமுட்டுச் சாமானோடு அமைத்துக் காட்டினார்கள். தொழிலாளர் குடும்பத்துக்காக வில்ஹெல்ம் கோகே நீலப்பூ வரைந்து செய்த பாத்திர வரிசையும் அங்கே இருந்தது. அதை விரும்பி வாங்கியது படித்த நடுத்தர வர்க்கம். தொழிலாளர்களுக்குப் பொன்விளிம்பு வைத்த பகட்டான பாத்திரம்தான் பிடித்தது. இந்த இயக்கத்தின் உண்மையான சிக்கல் இதுதான்: எளிமையை விரும்ப ஓரளவு வசதி வேண்டியிருக்கிறது. 1919-இல் கலை வரலாற்றாளர் கிரெகோர் பவுல்சன் அன்றாடப் பொருள் இன்னும் அழகாக வேண்டும் என்ற முழக்கத்தை வைத்தார். 1928-இல் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் நாட்டையே ஒரு மக்கள் வீடாக உருவகித்துப் பேசினார். 1930-இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சி. 1944-இல் வீட்டு வேலைகளை ஆராய ஒரு நிறுவனம். அங்கே சமையலறையில் எத்தனை அடி நடக்கிறார்கள், எவ்வளவு குனிகிறார்கள் என்று அளந்து அலமாரி உயரங்களை முடிவுசெய்தார்கள். இன்றைய சுவீடிஷ் சமையலறையின் தர அளவுகளுக்கு அடித்தளம் அது. வரைந்து பார்த்து அழகென்று தோன்றியதால் வந்த அளவுகள் அல்ல.

டென்மார்க்கில் இந்த அளவெடுக்கும் புத்தியை ஊன்றியவர் கோரெ கிளின்ட். 1924-இல் கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் மரச்சாமான் பிரிவைத் தொடங்கினார். மாணவர்கள் முதலில் செய்தது அளப்பது: ஒரு வீட்டில் எத்தனை தட்டு, மடித்த சட்டைக்கு எவ்வளவு ஆழம், உட்கார்ந்தவரின் தொடை நீளம் எவ்வளவு. பழைய நாற்காலிகளைத் தூக்கியெறியாமல் அளந்து திருத்தச் சொன்னார். 1927 முதல் 1966 வரை தச்சர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி வைத்தது. அதில் வரைபவரும் தச்சரும் இணைந்து வேலை செய்தார்கள். கிளின்டின் மாணவர் போர்கெ மோகன்சன் 1942-இல் நுகர்வோர் கூட்டுறவின் மரச்சாமான் பிரிவுக்குத் தலைவரானார். 1947-இல் அவர் செய்த ஜே39, பீச் மரச் சட்டமும் காகிதக்கயிற்று இருக்கையும் கொண்ட சாதாரண நாற்காலி. மக்கள் நாற்காலி என்ற பெயர் அதற்குத் தங்கிவிட்டது.

டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரின் சிஎச்24 நாற்காலியைப் பார்த்தால் இந்த உழைப்பு புரியும். மிங் காலத்துச் சீன நாற்காலிகளைப் பார்த்துத் தொடங்கிய வரிசையில் 1949-இல் உருவானது. பின்சட்டம் ஆவியில் வளைத்தது, முதுகுக்கு ஒய் வடிவத் தாங்கி. இருக்கைக்கு ஏறக்குறைய 120 மீட்டர் காகிதக்கயிறு, நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள். காகிதக்கயிறு பஞ்ச காலத்துப் பொருள். போர்க்காலத்தில் கடற்புல் கிடைக்காமல் போனபோது அதன் இடத்துக்கு வந்து நிலைத்துவிட்டது.

இருக்கையை நீங்களே பின்ன நினைத்தால்: முன்பக்கச் சட்டம் பின்பக்கத்தைவிட நீளமாக இருப்பதால், நேரே பின்னத் தொடங்கினால் நடுவில் இடைவெளி கோணலாக முடியும். முதலில் முன் மூலைகள் இரண்டில் மட்டும் சில சுற்றுப் பின்னி, எஞ்சிய நீளம் பின்பக்க நீளத்துக்குச் சமமான பிறகுதான் நாலு மூலையையும் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் முன் சுற்றோடு நெருக்கித் தள்ளுங்கள். இழுப்பு ஒரே சீராக இல்லையென்றால் தளர்ந்த இழைமேல் பாரம் விழாமல், இறுகிய இழை மட்டும் எல்லாவற்றையும் தாங்கி முதலில் அறும். முடிச்சு எல்லாம் அடிப்பக்கம். பிரம்பைப் போல ஊறவைக்காதீர்கள், முறுக்கு விட்டுப்போகும். உபயோகத்தில், அதன்மேல் முழங்காலூன்றி ஏறுவதுதான் அதைக் கொல்வது.

மரத்தின் நிறம் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது, ஏனென்றால் படங்களில் பார்க்கும் அந்த வெளிர் தரையை வார்னிஷ் அடித்துப் பெற முடியாது. பைன் தரையை அப்படியே விட்டால் வெளிச்சம் பட்டு ஓரிரு ஆண்டில் தேன்நிறமாகும். எண்ணெய் பூசினால் அன்றே மஞ்சளாகும். பழைய வழி காரநீரும் (ஆங்கிலத்தில் லை) சோப்பும்.

தரையை 100-120 எண் உப்புத்தாளில் கடைசி முறை தேய்த்துத் தூசியை முழுக்க உறிஞ்சி எடுக்கவும். வெள்ளை நிறமி கலந்த மரக் காரநீர், லிட்டருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் கட்டாயம். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அலுமினியத்தைக் காரம் அரிக்கும். தூரிகை நைலான், பன்றிமயிர்த் தூரிகையாக இருந்தால் காரம் அந்த மயிரையே கரைத்துவிடும். நிறமி அடியில் தங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் சில நிமிடத்துக்கு ஒரு முறை கலக்குங்கள், இல்லையென்றால் தரையின் ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி மஞ்சளாகவும் முடியும். பலகையின் நீளவாட்டில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் பூசவும். பாதியில் நின்றால் அந்த இடத்தில் விளிம்பு தெரியும். ஓர் இரவு காயவிட்டு, மேலே நிற்கும் வெள்ளைத் தூளை மெல்லிய பேடால் எடுக்கவும்.

பிறகு சோப்பு. வாசனையோ வெளுப்பானோ இல்லாத சோப்புச் செதில்களை, லிட்டருக்குச் சுமார் 50 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து, தரையில் பூசி, மிகுதியைத் துடைத்து, காயவிட வேண்டும். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். சோப்பிலுள்ள கொழுப்பு மரத்துளைகளை அடைத்துக்கொள்கிறது. படலமாக மேலே நிற்பதில்லை. அதனால்தான் தொட்டால் மரமாகவே இருக்கிறது. வாரச் சுத்தத்துக்கு இதைவிட நீர்த்த கரைசல் போதும். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் அழுக்கு மாப்பை அலச நல்ல நீர். ஒரே வாளியில் செய்தால் அழுக்கைச் சோப்போடு சேர்த்து மரத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். ஆறு மாதத்தில் தரை சாம்பல் நிறமாகும். கடினநீர் இன்னொரு எதிரி. அதிலுள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து கரையாத ஏடாகிப் படியும். மென்னீர் கிடைத்தால் அதையே உபயோகியுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தரைக்கு உபயோகிக்கவே கூடாது. அது கொழுப்பைக் கரைக்கச் செய்தது. நீங்கள் ஏற்றிய கொழுப்பையே கழற்றிவிடும்.

இதே முறை ஓக் மரத்துக்கு அப்படியே ஆகாது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. பைனுக்கான காரநீர் பட்டால் அது பழுப்பாகும்; கடினமரத்துக்குத் தனியாக விற்கும் காரநீரை வாங்குங்கள், அல்லது காரத்தை விட்டுவிட்டுச் சோப்பு மட்டும் போடுங்கள். எஃகுப் பஞ்சால் தேய்க்கவே கூடாது. இரும்புத்துகள், ஈரம், டானின் மூன்றும் சேர்ந்தால் எழுதும் மைக்குச் சமமான கறுப்புப் புள்ளிகள் வரும். மேசையில் காபிக்கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் நனைக்காதீர்கள், வளையம் விழும். பலகை முழுவதையும் சோப்பு நுரையால் நனைத்து, சில நிமிடம் விட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு எழும் நார்களை 240 எண் தாளில் இழை ஓடும் திசையில் மெல்லத் தேயுங்கள். வார்னிஷ் கீறினால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். சோப்பிட்ட மரத்தில் கறை பட்ட பலகையை மட்டும் சீராக்கினால் போதும். இந்தப் பராமரிப்புக்கு நேரம் இல்லையென்றால் சோப்புத் தரை வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அது ஒரு வேலை முடிந்த பரப்பு அல்ல, வாராவாரம் தொடரும் பழக்கம்.

ஃபின்லாந்தைப் புவியியல்படி ஸ்காண்டிநேவியாவில் சேர்ப்பதில்லை என்றாலும் அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் ஆல்வர் ஆல்டோவை விட்டுவிட முடியாது. 1933-இல் முடிந்த பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக அவர் செய்த நாற்காலியில் முதுகுச் சாய்வு நோயாளியின் மூச்சுக்கு ஏற்றபடி வைத்தது. அக்காலப் புதுமையான எஃகுக்குழாயை விட்டு பிர்ச் பிளைவுட்டை எடுத்தார். குளிர்நாட்டில் எஃகு தொட்டால் சில்லிடும். அவர் முக்காலியின் வளைந்த காலில், பிர்ச் கட்டையின் ஒரு முனையில் நீளவாட்டில் பிளவுகள் அறுத்து, மெல்லிய வெனீர் தகடுகளைப் பசையோடு செருகி வளைத்திருப்பார்கள். வளைவு வரை கட்டை, வளைவில் மட்டும் அடுக்கு. சிக்கலான மூட்டு ஏதுமின்றி கால் நேரே இருக்கைக்கு அடியில் வந்து திருகாணியால் பொருந்திவிடும்.

ஐகியா பற்றி: 1943-இல் தென் சுவீடனின் ஸ்மோலண்டில் தொடங்கியது, மேசைக்கால்களைக் கழற்றித் தட்டையாகப் பொட்டலம் கட்டும் முறை 1956-இல் வந்தது. அதற்குள் கேயின் வாதத்துக்கு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஐகியா இந்தப் பண்பாட்டின் வாரிசு, தாய் அல்ல. எல்லோருக்கும் என்ற பாதியை அது உண்மையிலேயே நிறைவேற்றியது. நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்ற மறுபாதி, துகள்பலகையில் வெனீர் ஒட்டிய அலமாரியால் முடியாது. ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு என்ற பெயரே ஏற்றுமதிக்காக ஊன்றியது: 1954 முதல் 1957 வரை அமெரிக்கா, கனடா நகரங்களில் சுற்றிய கண்காட்சிதான் நாலு நாட்டுச் சரக்கை ஒரே பெயரில் உலகுக்குக் காட்டியது.

நிறமே கூடாது என்று நினைப்பவர்கள் ஸ்டாக்ஹோமின் ஸ்வென்ஸ்கட் டென் கடையின் துணிகளைப் பார்க்க வேண்டும். எஸ்ட்ரிட் எரிக்சன் 1924-இல் தொடங்கியது. வியன்னாவிலிருந்து யூத வெறுப்புக்குத் தப்பி வந்த கட்டடக்கலைஞர் யோசெஃப் ஃபிராங்க் 1930-களில் அங்கே சேர்ந்து, கொடியும் பூவும் பறவையும் நெருங்கிய துணிகளை வரைந்தார். ஒரே சோபாவில் மூன்று பூவேலைத் துணி இருந்தாலும் அவருக்குப் பிரச்சினை இல்லை. அவை வெள்ளைச் சுவருக்கு முன்னால்தான் மூச்சுவிடுகின்றன.

ஆகவே வார்டு போல ஆகிவிட்ட அறையைச் சரிசெய்ய, செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் பல்பு: 2700 கெல்வின், மங்கலான கண்ணாடி. அடுத்து கூரை நடு விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை 60 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். மூன்றாவது துணி. வெறும் தரையும் வெறும் சுவரும் ஓசையை எதிரொலிப்பதும் அந்த வார்டு உணர்வுக்குக் காரணம். கம்பளி, லினன், கம்பளம் அதை உறிஞ்சும். சுவரின் வெள்ளையை மாற்றுவது கடைசி. விளக்கை மாற்றியதும் பழைய பெயின்டே பொருந்துவதைப் பல நேரம் காணலாம்.

கம்பளம் வாங்குவதென்றால் கந்தல்துணிக் கம்பளமே சிறந்தது, சுவீடிஷில் டிராஸ்மத்தா. பழைய சட்டையையும் படுக்கைவிரிப்பையும் 2-3 சென்டிமீட்டர் நாடாக்களாகக் கிழித்து, உறுதியான பருத்திப் பாவில் (நீளவாட்டு நூல்) ஊடையாகக் (குறுக்கு இழை) கொடுத்து, தறியின் அச்சை ஓங்கி அடித்து நெய்வார்கள். அடி தளர்ந்தால் கம்பளம் மெத்தென்று இருக்கும், ஆனால் ஒரே வருடத்தில் ஓரம் சுருளும். வாங்கும்போது மடித்துப் பாருங்கள்: மடிப்பில் பாவு நூல் பளிச்சென்று தெரிந்தால் நெசவு தளர்ச்சி. இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் மாதமொரு முறை திருப்பிப் போடலாம். ஹெல்சிங்கியில் கடலோரம் கம்பளம் துவைப்பதற்கென்றே மரத்துறைகள் இருக்கின்றன. கோடையில் அங்கே பைன் சோப்பைப் போட்டுத் தூரிகையால் தேய்த்து, நீரைப் பிழியும் உருளையில் செலுத்தி, கம்பிமேல் விரித்துக் காயவைப்பார்கள். வீட்டில் செய்வதென்றால் இயந்திரத்தில் போடாமல், தரையில் விரித்து நெசவின் குறுக்கே இல்லாமல் நாடா ஓடும் திசையிலேயே தேயுங்கள். தொங்கவிடும்போது நீளவாட்டில் தொங்கவிடாதீர்கள். ஈரத்தின் கனத்தில் பாவு இழுபட்டு அகலம் சுருங்கிவிடும்.